வடக்குச் சுவரில் சிமெண்ட்

அந்தச் சுவரைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இன்றைக்கும் வேறு மாதிரிதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செங்கல் பழசு, டெக்சஸ் வெயில், அந்தக் காலத்து ஆட்களுக்குச் சாந்து குழைக்கத் தெரியவில்லை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். எல்லாம் பொய். நான் கட்டட இன்ஜினியர். இந்த மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கியவள். இருபது வருஷமாக ஹூஸ்டன் பக்கம் கான்கிரீட்டில்தான் பிழைப்பு. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சர்ச் இருப்பது ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊருக்கு மேற்கே. ஃப்ரீவேயை விட்டு இறங்கினால் முன்பெல்லாம் இரண்டு பக்கமும் நெல் வயல் இருக்கும். இப்போது ஒரு பக்கம் வயல், மறுபக்கம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வீடுகள் முடிகிற இடத்தில், ஓக் மரங்களுக்கு நடுவில், மணிக்கூண்டோடு ஒரு செங்கல் கட்டடம். பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஹால். பின்னால் கல்லறைகள்.

கட்டியவர்கள் பிரான்சிலிருந்து விவசாயத்துக்கு வந்த சில குடும்பங்கள். கூடவே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். ஆற்றங்கரை மண்ணை எடுத்துச் செங்கல் அறுத்துத் தாங்களே சூளை போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புக்குக் கடற்கரையிலிருந்து வண்டி வண்டியாகச் சிப்பி ஓடு கொண்டுவந்து சுட்டிருக்கிறார்கள். மணி மட்டும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. வாசலுக்கு மேல் பிரெஞ்சில் ஒரு வரி செதுக்கியிருக்கும். ஞானஸ்நானப் பதிவேடு பல காலம் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டு, ஒரு பக்கத்தில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறுகிறது. அந்தப் பக்கத்தில் கையெழுத்தும் வேறு. பழைய பாதிரியார் இறந்து, அயர்லாந்துக்காரர் ஒருவர் வந்தாராம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சாவி வைத்திருக்கும் அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவருடைய முன்னோர்தான் அந்தச் சூளையைப் போட்டவர்கள். சர்ச்சைத் திறப்பது, பூட்டுவது, கல்லறைப் புல்லை வெட்டுவது எல்லாம் அவர்தான். எங்கள் பிள்ளைகள் அவரைக் கீ ஆன்ட்டி என்பார்கள். அவர் பேசுவது டெக்சஸ் இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்களுக்கு அங்கே என்ன வேலை என்றால், தமிழ்ப் பள்ளி. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். கேட்டியில் ஒரு லைப்ரரி அறையில் நடத்திக்கொண்டிருந்தோம், பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயம் எங்கள் கமிட்டித் தலைவர், மதுரைக்காரர், ஐ.டி. மேனேஜர், இந்தியக் கடையில் நெத்திலிக் கருவாடு எடுக்கக் கை நீட்டியிருக்கிறார். அதே பாக்கெட்டுக்கு இன்னொரு கையும் நீண்டிருக்கிறது. அது அந்தச் சர்ச்சின் பங்குத் தந்தை. தூத்துக்குடிக்காரர். இங்கே கிராமத்துப் பங்குகளுக்கு உள்ளூரில் பாதிரியார் கிடைக்காமல் நம் ஊரிலிருந்து வரவழைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோவிலில் தூத்துக்குடித் தமிழர் பூசை வைப்பதைப் பற்றி அங்கே யாருக்கும் எந்த ஆச்சரியமும் இல்லை.

"சனிக்கிழமை எங்க ஹால் சும்மாத்தான் கெடக்கு. எலிதான் பாடம் படிக்குது. நீங்க வாங்க," என்று சொல்லிவிட்டார் ஃபாதர். வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தோம். பிறகு எங்களுக்கு உறுத்த ஆரம்பித்தது. கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்தான் சொன்னார்.

"அக்கா, கைமாறா ஏதாச்சும் செய்யணும். அந்தச் சர்ச்சைப் பாருங்க, பாசி புடிச்சுப் போயிக் கெடக்கு. ஒரு திருப்பணி பண்ணிருவோம். ஒரே வீக்கெண்ட். கும்பாபிஷேகத்துக்குப் பண்ற மாதிரி பளபளன்னு ஆக்கிருவோம்."

எல்லோரும் சரி என்றார்கள். நான் முதல் ஆளாகச் சரி என்றேன்.

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. பழைய கட்டடத்தின் மேல் அன்பு வந்தால் அதைப் புதிதாக்காமல் விடமாட்டோம். கரூர்ப் பக்கம் எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் மெஷின் வைத்து மணலைப் பீய்ச்சிக் கல்தூண்களைச் சுத்தம் பண்ணினார்கள். தூணில் இருந்த உருவங்களுக்கு மூக்கு முழி மழுங்கிப் போனது. அப்புறம் விமானத்துக்கு எனாமல் பெயிண்ட். நான் அப்போது சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பக்கத்தில் நின்று நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் நான். அந்தப் புத்தியை அப்படியே விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வடக்குச் சுவரைப் போய்ப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்த சுவர். வெயில் படாததால் பச்சை பிடித்திருந்தது. செங்கல்லுக்கு நடுவில் இருந்த சாந்தைக் கார்ச் சாவியால் கீறினேன். மாவாகக் கொட்டியது. அதில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள். ஒழுங்காகச் சலிக்கக்கூட இல்லை என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆய்வு. இருபது வருஷ அனுபவம், ஒரு கார்ச் சாவி.

சாவிக்கார அம்மா தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டத்தைச் சொன்னேன். தண்ணீர் அடித்துக் கழுவுவோம், பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் வைப்போம், மேலே தண்ணீர் புகாத பெயிண்ட் அடிப்போம்.

"எங்க ஆளுங்க இதைக் கழுவினதே இல்ல," என்றார். "ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிப்பாங்க. பசங்க எல்லாம் ரிஃபைனரி வேலைக்குப் போனப்புறம் ஏணி ஏற ஆள் இல்லாம நின்னு போச்சு."

"சுண்ணாம்பு நிக்காதுங்க. இந்தச் சாந்துக்குப் பலமே இல்ல. சிமெண்ட் பல மடங்கு பலம்."

"சுவருக்கு எதுக்கு அவ்வளவு பலம்? யார்கூடச் சண்டைக்குப் போகுது?"

நான் சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்தேன். சுண்ணாம்பு அடிப்பது பெயிண்ட் வாங்க வழியில்லாதவர்கள் செய்வது என்றுதான் என் மண்டையில் இருந்தது. எங்கள் வீட்டிலும் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்புதான் அடித்தார்கள், அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைக்கும் வரைக்கும்.

ஃபாதரும் ஒரு தடவை கேட்டார். "மேடம், நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"ஃபாதர், இதுதான் என் வேலை," என்றேன்.

அக்டோபரில் ஒரு சனி ஞாயிறு. நாற்பது பேர் வந்தார்கள். வாடகைக்கு இரண்டு பிரஷர் வாஷர். தண்ணீர் பட்ட இடமெல்லாம் சுவர் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று ஆனது. கீழே சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. எவ்வளவு அழுக்கு போகிறது பார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அது அழுக்கு இல்லை, செங்கல். சூளையில் வெந்த செங்கல்லுக்கு மேல் தோல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். உள்ளே மென்மை. அந்தத் தோலைத்தான் உரித்து ஓடையில் விட்டோம்.

பிறகு கல் அறுக்கிற கிரைண்டர் வைத்துச் செங்கல் சந்துகளைக் கீறினோம். சிமெண்ட் வைத்தோம். மறுநாள் க்ரீம் கலரில் இரண்டு கோட் பெயிண்ட். மதியம் புளியோதரை, தயிர் சாதம், சிப்ஸ். குரூப் போட்டோ. வாட்ஸ்அப்பில் அன்றைக்குக் கைகூப்பும் எமோஜிகளாக வந்து குவிந்தது. பத்து மணிப் பூசைக்கு வந்த வயதானவர்கள் நின்று கைதட்டினார்கள். சாவிக்கார அம்மா மட்டும் அன்றைக்குப் பூசைக்கு வந்தவர் வெளியே நிற்காமல் நேராக வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மற்ற மூன்று சுவர்களை அடுத்த வருஷம் செய்வதாகச் சொல்லியிருந்தோம். அடுத்த வருஷம் யாருக்கும் நேரம் இல்லை. அந்தச் சோம்பேறித்தனம்தான் கடைசியில் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது.

ஒரு வருஷத்துக்குள் ஃபாதர் போன் பண்ணினார். "மேடம், உள்பக்கம் சுவரு வேர்க்குது."

போய்ப் பார்த்தேன். உள்பூச்சு உப்பி, வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கருவாட்டின் மேல் இருக்குமே, அந்த மாதிரி. விரலால் தொட்டால் பொலபொலவென்று விழுந்தது. ஏ.சி. சரியாக ஓடவில்லை, ஈரப்பதம் இழுக்கிற மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் தடவை செய்தது அறியாமை. இரண்டாவது தடவை அப்படிச் சொல்ல முடியாது. காரில் திரும்பும்போதே எனக்குள் ஏதோ இடித்தது. அதைத் தோண்ட எனக்கு இஷ்டமில்லை.

ஒரு குளிர்காலம் ஒன்றும் ஆகாமல் போனது. அதற்கடுத்த ஜனவரியில் மூன்று நாள் கடும் குளிர். இங்கே அபூர்வமாக வரும். குழாய் எல்லாம் உறைந்தது. குளிர் விட்டதும் சுவரில் பெயிண்ட் பை பையாகத் தொங்கியது. கிழித்தால் பின்னால் செங்கல்லின் முகம் ரஸ்க் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தது.

பிஷப்பின் கீழ் இருக்கும் மறைமாவட்ட அலுவலகம் கட்டடங்களைப் பார்க்கிற ஒருவரை அனுப்பியது. அவர் ஒரு அறிக்கை எழுதினார். ஃபாதர் அதை ஒரு சனிக்கிழமை என் கையில் கொடுத்தார். ஹாலுக்குள்ளே பிள்ளைகள் உயிர்மெய் எழுத்து ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நின்றபடி படித்தேன்.

செங்கல் சரியாக வேகவில்லை, தரம் குறைவு. கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. பழுது பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சர்ச்சை மூடிவிட்டு, ஃப்ரீவே ஓரத்தில் இருக்கும் புதிய பங்கோடு சேர்த்துவிடலாம், கட்டடத்தை இடித்துவிடலாம் என்று பரிந்துரை. நடுவில் ஒரு வரி இருந்தது. வடக்குச் சுவரில் அண்மையில் செய்த சிமெண்ட் வேலை நல்ல நிலையில் உள்ளது.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஆமாம், சிமெண்ட் நன்றாகத்தான் இருந்தது. சுற்றியிருந்த செங்கல் எல்லாம் உதிர்ந்து, சிமெண்ட் மட்டும் கூண்டு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆளுக்கும் என்னை மாதிரி கான்கிரீட் மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

"மூடிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க ஃபாதர்?"

"எனக்கென்ன, பெட்டியத் தூக்கிட்டு வேற பங்குக்குப் போவேன். அவங்களுக்குத்தான்." கல்லறைப் பக்கம் கையைக் காட்டினார். சாவிக்கார அம்மா புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். "அவங்க ஞானஸ்நானம், கல்யாணம், வீட்டுக்காரருக்கு அடக்கப் பூசை எல்லாம் இந்தக் கோவில்லதான். அவங்களுக்கும் இங்கதான் பூசை வைக்கணும்னு எழுதியே குடுத்துருக்காவ. நான் என்ன பதில் சொல்ல?"

பங்கு மக்கள் கூட்டம் மூன்று வாரத்தில். அதற்குள் யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ எழுத்தில் தரலாம், பிறகு பிஷப் முடிவு செய்வார் என்றார்.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டேன். ஃபாதரிடம் கேட்டுவிட்டு வடக்குச் சுவரில் அடியில் ஒரு செங்கல், நாங்கள் தொடாத கிழக்குச் சுவரில் ஒரு செங்கல் எடுத்துப் பார்த்தேன். கிழக்கில் சாந்தை ஒரு சின்ன உளியால் தோண்டியதும் செங்கல் முழுசாக வெளியே வந்தது. காய்ந்திருந்தது. தட்டினால் டங் என்று சத்தம் கேட்டது. வடக்கில் ஒரு மணி நேரம் ஆனது. சிமெண்ட் விடவில்லை. விட்டபோது செங்கல்லின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. முன்பக்கம் ஒரு அங்குலம் ஈர மாவு. அதற்குப் பின்னால் நல்ல செங்கல். இரண்டும் ஒரே சூளை, ஒரே மண்.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து வழியாக அதை வெளியே விட்டுவிடும். நாங்கள் சந்துகளை எல்லாம் சிமெண்டால் அடைத்து, மேலே பிளாஸ்டிக் பெயிண்டால் மூடினோம். ஈரம் போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, குளிரில் உறைந்து வெடித்தது. சாந்து மென்மையாக இருந்தது குறை இல்லை. தேய்வது சாந்தாக இருக்கட்டும், செங்கல் பிழைக்கட்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்ததும் அதற்குத்தான்.

அப்படியானால் அறிக்கை தப்பு. செங்கல் மேல் குற்றமில்லை. இதைச் சொன்னால் சர்ச் பிழைக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் கெடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டும்.

கமிட்டியைக் கூட்டினேன். தலைவர் வீட்டில், கிச்சனில் நின்றபடி டீ குடித்துக்கொண்டே பேசினோம். எட்டுப் பேர்.

"அக்கா, நீங்க லெட்டர் குடுத்தீங்கன்னா அடுத்த வாரமே ஹால் போயிரும்," என்றார் தலைவர். "அத்தனை பிள்ளைங்களக் கூட்டிட்டு எங்க போறது? இப்பத்தான் ஏழாங்கிளாஸ் வரைக்கும் வந்திருக்கோம்."

"ஹால் போனா வேற ஹால் கெடைக்கும் தலைவரே."

"நல்லது பண்ணத்தானே போனோம்? அதுக்கு அவங்க கோர்ட்ல சூ பண்ணினா யாரு பதில் சொல்றது? உங்க லைசென்ஸ யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். ரெண்டு நாளா அதத்தான் யோசிச்சேன்."

மூலையில் நின்ற ஒரு டாக்டர் அம்மா சொன்னார், "அது அவங்க சர்ச். அவங்க இன்ஸ்பெக்டரே சிமெண்ட் நல்லா இருக்குன்னு எழுதிட்டார். நாம எதுக்கு வாலன்டியர் பண்ணிப் போய் மாட்டணும்? இதுவே நம்ம கோயில்னா பரவால்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம கோயிலா இருந்தா மட்டும் சொல்லிருவீங்களா? அங்கயும் தூணைத் தேச்சுட்டுக் கல்வெட்டுல உபயம்னு பேரு போட்டுக்குவோம். அதானே பண்றோம்?"

டாக்டர் அம்மா டீக் கப்பை ஸிங்க்கில் வைத்துவிட்டுக் கிளம்பினார். தலைவர் வாசல் வரைக்கும் வந்தார். "உங்க பேரை மட்டும் போட்டுக்கங்க அக்கா. பள்ளியோட பேரு வேணாம்," என்றார். சரி என்றேன். அந்தச் சலுகையை நான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

என் மகள் வெளியே காரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. தமிழில் சொன்னால் எல்லாம் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. கண்ணாடி இறக்கியிருந்ததால் பாதிப் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, டிட் யூ மெஸ் இட் அப்?"

"ஆமா."

"தென் ஜஸ்ட் ஸே இட். இட்ஸ் லைக், ஒன் சென்டென்ஸ்."

"லைசென்ஸ் போச்சுன்னா?"

"யூ ஹேட் யுவர் ஜாப் எனிவே."

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசைக்கு அப்புறம், எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும் அதே ஹாலில். சுவரில் அ, ஆ அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பங்கு மக்கள் முப்பது பேருக்கு மேல். எல்லாம் நரைத்த தலை. முன்னால் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி, அறிக்கை எழுதியவர், ஃபாதர். எங்கள் ஆட்கள் யாரும் வரவில்லை.

எழுந்து நின்று சொன்னேன். ஒரு வாக்கியத்தில் முடியவில்லை, ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டு செங்கல்லையும் மேஜையில் வைத்தேன். இந்தச் செங்கல்லில் குற்றமில்லை, என் வேலையில்தான் குற்றம், உங்கள் அறிக்கையில் அந்த வரி தப்பு என்றேன். படத்தோடு கடிதம், கீழே என் கையெழுத்து, லைசென்ஸ் எண். அறிக்கைக்காரருக்கு முகம் சிவந்தது. வடக்குச் செங்கல்லை எடுத்துப் பார்த்தார். விரலால் அழுத்தினார். அது மேஜை மேலேயே உதிர்ந்தது.

சாவிக்கார அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"அன்னைக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"நீங்க இன்ஜினியர் இல்லன்னு நெனச்சேன்."

"நான் பஸ் டிரைவர்," என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிஷப் அலுவலகத்திலிருந்து ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், பெயிண்டையும் சிமெண்டையும் எடுக்க வேண்டும், மாதாமாதம் ஈரம் அளக்க வேண்டும், வடக்குப் பக்க பெஞ்சுகளில் யாரும் உட்காரக்கூடாது. சுவர் காய்ந்தால் சர்ச் இருக்கும். காயாவிட்டால் இடிப்பார்கள்.

தமிழ்ப் பள்ளியை யாரும் போகச் சொல்லவில்லை. ஃபாதர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தலைவர் தானாகவே கேட்டியில் ஒரு ரெக்ரியேஷன் சென்டருக்கு மாற்றிவிட்டார். என்னை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து யாரும் எடுக்கவில்லை. நான் எதைப் போட்டாலும் பதில் வராது, அவ்வளவுதான். கடையில் பார்த்தால் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். லைசென்ஸ் விஷயமாக இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் இதே கடிதத்தை அங்கேயும் கொடுப்பேன்.

சனிக்கிழமைகள் காலியாகிவிட்டன. நான் சர்ச்சுக்குப் போனேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை ஃபாதர் தேடிப் பிடித்திருந்தார். மெக்சிகோக்காரர். நான் யார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் மாதம் பெயிண்ட் சுரண்டுவதைத் தவிர வேறு எதையும் என்னைத் தொடவிடவில்லை. சிமெண்டைக் கிரைண்டரால் எடுத்தால் மிச்சமிருக்கும் செங்கல்லும் போய்விடும். உளியும் சுத்தியலும்தான். நாற்பது பேர் இரண்டு நாளில் வைத்ததை எடுக்க, ஒரு காலை முழுக்கத் தட்டினால் ஒரு முழம் தேறும். மணிக்கட்டு வீங்கும். என் மகள் இரண்டு தடவை வந்தாள், போர் அடிக்கிறது என்று நின்றுவிட்டாள். சரிதான், அவளா வைத்தாள்?

சாவிக்கார அம்மா ஓக் மர நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உதவிக்கு வரமாட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கமாட்டார். நான் உபகரணங்களைப் பெட்டியில் போடும்போது எழுந்து வந்து சுவரைப் பார்ப்பார்.

"அங்க ஒரு துண்டு விட்டுட்டீங்க."

ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டாவது கண்டுபிடிப்பார். ஒவ்வொரு வாரமும் அது நிஜமாகவே இருக்கும். பெட்டியைத் திறந்து மறுபடி உளியை எடுப்பேன்.

முதல் நான்கு மாதம் ஈரம் குறையவே இல்லை. அளக்கும் மெஷின் ஒரே எண்ணைக் காட்டியது. இடிக்கத்தான் போகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கொத்தனார் மட்டும் கவலைப்படவில்லை. மூன்று வருஷம் குடித்த தண்ணீரை மூன்று மாதத்தில் துப்புமா என்றார். வெயில் உச்சத்துக்கு வந்தது. திறந்து கிடந்த சந்துகள் வழியாக உப்பு வெளியே வந்து வெள்ளையாக நின்றது, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தோம். ஆகஸ்டில் எண் இறங்க ஆரம்பித்தது. அக்டோபரில் மேல் பாதி கிழக்குச் சுவரின் அளவுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து குழைத்தார். மணலோடு கொஞ்சம் சிப்பித் தூளும் போட்டார்.

வருஷம் முடிந்ததும் அறிக்கைக்காரர் திரும்ப வந்தார். பாதி நாள் சுற்றிச் சுற்றி அளந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரத்தில் புது அறிக்கை வந்தது. மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டும், அதற்குப் பின்பக்கம் இடிந்து கிடக்கும் பழைய சமையலறையின் செங்கல் போதும். மற்றபடி கட்டடம் உறுதி. மூட வேண்டும் என்ற பரிந்துரை நீக்கப்படுகிறது. சேதத்துக்குக் காரணம் என்ற தலைப்பின் கீழ், லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் ஒருவரின் மேற்பார்வையில் செய்த பொருத்தமற்ற வேலை என்று எழுதி, என் பெயரையும் போட்டிருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் அதை வாசித்தார். மக்கள் எழுந்து கைதட்டினார்கள். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் தட்டிய அதே கைகள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

சாவிக்கார அம்மா பின்னாலேயே வந்தார். கூப்பிட்டுப் பீரோ இருக்கும் பக்க அறைக்குக் கூட்டிப்போனார். பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் தவிர, கட்டட வேலைக்கென்று தனியாக ஒன்று உண்டு. சூளை போட்டது, மணி வந்தது, புயலில் கூரை போனது எல்லாம் அதில். முதல் பாதி பிரெஞ்சு. கடைசியில் எழுதியிருந்தது நாங்கள் செய்த திருப்பணி, ஃபாதரின் கையெழுத்தில், நன்றியோடு. அதற்குக் கீழே அறிக்கையின் அந்தப் பக்கத்தை ஒட்டினார். ஒட்டிய பேப்பரை உள்ளங்கையால் நன்றாக அழுத்தித் தேய்த்தார். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

பதிவேட்டை மூடிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஈஸ்டருக்கு முன்னாடி சனிக்கிழமை சுண்ணாம்பு அடிக்கணும். நாலு சுவரும். ஏணி ஏற ஆள் இல்ல."

"நான் ஏறுறேன்."

"பிரஷ் கொண்டுவாங்க," என்றார். "வேற ஒண்ணும் கொண்டுவராதீங்க."